வாங்கும் முன்: நாளைய யாங்கீஸ் நட்சத்திரத்துக்கு இன்றைக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பேஸ்பால். நியூ ஜெர்சியில் பிள்ளை வளர்க்கிறவர்கள் எழுதுவதால் இதில் ஆச்சரியமில்லை. 2021-இல் நியூயார்க் யாங்கீஸ் அணி தன் டபுள்-ஏ அணியாக சாமர்செட் பேட்ரியட்ஸை எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து, பாலாஜி கோயிலுக்குப் போகிற அதே பிரிட்ஜ்வாட்டரில் நாளைய யாங்கீஸ் ஆட்டக்காரர்களையும் பார்த்துவிட்டு வரலாம் என்றாகிவிட்டது.

புதியவர்களுக்கு ஒரு வரி. பேஸ்பாலின் உச்சப் படியான மேஜர் லீக்கின் 30 அணிகளுக்கும் கீழே தலா நான்கு முழுப் பருவ மைனர் லீக் அணிகள் உண்டு. யாங்கீஸுக்குக் கீழிருந்து மேலே சொன்னால் டாம்பா, ஹட்சன் வேலி (ஹை-ஏ), சாமர்செட் (இதுதான் டபுள்-ஏ), ஸ்க்ராண்டன். இந்தப் படிகளில் ஏறிவருகிறவர்களில் பெரிதாக வருவார்கள் என்று நம்பப்படுகிற பையன்கள்தான் ப்ராஸ்பெக்ட்.

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. சாமர்செட்டில் ஆடிய ஜார்ஜ் லொம்பார்ட் ஜூனியர் என்றால் உயிர். பிறந்தநாளுக்கு 'பௌமன்' கார்டுப் பெட்டி (இளம் ஆட்டக்காரர்கள் படம் போட்ட சேகரிப்பு அட்டைகள்) கேட்கிறான். விலை பல நூறு டாலர் சொல்கிறார்கள். "இப்ப வாங்கினா என் காலேஜ் ஃபீஸுக்கு ஆகும்மா" என்கிறான். வாங்கிக் கொடுக்கலாமா? (எடிசன் வாசகி)

காலேஜ் ஃபீஸ் பேச்சை முதலில் முடித்துவிடுவோம். தம்பி அதை எங்கிருந்து பிடித்தான் என்று தெரியும். பின்னாளில் பெரும் நட்சத்திரமான மைக் டிரவுட் மைனர் லீக்கில் இருந்தபோது வந்த, உலகத்தில் ஒன்றே ஒன்று உள்ள, கையெழுத்திட்ட 2009 பௌமன் கார்டு 2020-இல் 39 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பிரையன் டெய்லர் கதையையும் சொல்ல வேண்டும். 1991 டிராஃப்டில் (அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) யாங்கீஸ் முதல் ஆளாக எடுத்து 15.5 லட்சம் டாலர் கொடுத்த பிட்சர் அவர். 1993 டிசம்பரில் ஒரு கைகலப்பில் தோள் போயிற்று. மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட வீசவில்லை. அவருடைய கார்டையும் அன்றைக்குப் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்த பிள்ளைகள் நிறைய.

பக்கத்து உதாரணம் வேண்டுமென்றால் ஹேசன் டொமிங்கெஸ். 2019-இல் 16 வயதில் 51 லட்சம் டாலருக்கு யாங்கீஸ் ஒப்பந்தம் செய்தது. 2020-இல் கொரோனாவால் மைனர் லீக் பருவமே நடக்கவில்லை. ஆனாலும் அந்த ஆண்டு வந்த அவருடைய பௌமன் கார்டுகளுக்கு அடிதடி. அமெரிக்காவில் ஒரு அதிகாரபூர்வ ஆட்டம்கூட ஆடாத பையன்! 2023 செப்டம்பர் 1-ஆம் தேதி மேஜர் லீக்கில் முதல் முறை மட்டை பிடித்தபோதே ஜஸ்டின் வெர்லாண்டர் பந்தில் ஹோம் ரன் அடித்தார். அதே மாதம் முழங்கையில் அறுவை சிகிச்சை. கார்டு வாங்குகிறவர் இவ்வளவையும் சேர்த்துத்தான் விலைக்கு வாங்குகிறார்.

சரி, பெட்டி. 'ஹாபி' பெட்டியில் கையெழுத்துக் கார்டு ஒன்று உறுதி, 'ஜம்போ'வில் மூன்று. யாருடைய கையெழுத்து என்பதற்கு உறுதி கிடையாது. 30 அணிகளின் பையன்களும் அதில் கலந்திருப்பார்கள். லொம்பார்டைத் தேடிப் பெட்டி வாங்கினால் சியாட்டிலின் யாரோ ஒரு பிட்சர்தான் பெரும்பாலும் கையில் வருவார். சில சமயம் கார்டே வராது. பின்னால் அனுப்புகிறோம் என்று ஒரு 'ரிடெம்ப்ஷன்' சீட்டு இருக்கும். அதன் மேல் காலாவதித் தேதியும் இருக்கும். பிறந்தநாள் அன்றைக்குச் சீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பிள்ளையின் முகத்தை நினைத்துப் பாருங்கள்.

என் ஓட்டு தனிக் கார்டுக்கே. லொம்பார்ட் பெயருள்ள, மூலையில் '1ஸ்ட்' முத்திரை உள்ள பௌமன் க்ரோம் (பளபளப்பான அச்சு) கார்டைத் தேடுங்கள். ஒரு வீரரின் முதல் பௌமன் கார்டில் மட்டும்தான் அந்த முத்திரை இருக்கும். பின்னால் விற்பதானாலும் அதற்குத்தான் கேட்பு. கையெழுத்தில்லாத சாதாரண அச்சு, பெட்டி விலையில் மிகச் சிறு பங்குக்குக் கிடைக்கும். நிறம் மாற மாற விலை ஏறும்: நீலம் 150 பிரதி, பச்சை 99, தங்கம் 50, ஆரஞ்சு 25, சிவப்பு 5. எத்தனையாவது பிரதி என்பது கார்டிலேயே அச்சாகியிருக்கும்.

ஈபேயில் விற்பவர் போட்டிருக்கும் விலையை நம்பாதீர்கள். இடப்பக்கத் தேர்வுகளில் 'விற்றவை' என்பதைச் சொடுக்கினால், போன வாரம் உண்மையில் எவ்வளவுக்குப் போயிருக்கிறது என்று தெரியும். அப்புறம் 'பிஎஸ்ஏ 10' (கார்டுகளுக்குத் தரம் போடும் நிறுவனம் பிஎஸ்ஏ, 10 உச்சம்) என்று தரம் குறித்த உறையில் வந்தால், உறை மேலுள்ள எண்ணை பிஎஸ்ஏ தளத்தில் போட்டுப் பாருங்கள். அங்கே வருகிற விவரமும் கையிலிருக்கிற கார்டும் ஒத்துப்போக வேண்டும். போலி உறைகள் சந்தையில் உண்டு.

இன்னொன்று. புதுத் தொகுப்பு வெளிவந்த முதல் வாரங்களில் வாங்காதீர்கள். அப்போது எல்லோருக்கும் அவசரம். பெட்டிகள் நிறைய பிரிக்கப்பட்டுக் கார்டுகள் சந்தைக்கு வந்த பிறகு விலை பெரும்பாலும் இறங்கும்.

கேள்வி: நேரலையில் பெட்டி பிரிக்கிறார்கள். "யாங்கீஸ் இடம்" என்று பணம் கட்டினால் அந்தப் பெட்டிகளில் வரும் யாங்கீஸ் கார்டுகளெல்லாம் நமக்காம். இது நல்ல வழிதானே? (பிஸ்கடவே வாசகர்)

'பிரேக்' என்பார்கள். உங்கள் அணி கார்டே வராவிட்டால் பணம் போனது போனதுதான், திருப்பிக் கேட்க முடியாது. அந்த வருஷம் எந்த அணியில் பெயர் பெற்ற பையன் இருக்கிறானோ அந்த அணி இடத்துக்குத்தான் விலையும் அதிகம். யாங்கீஸ் இடம் அநேகமாக எப்போதுமே அதிகம். பார்க்கச் சுவாரஸ்யம், ஒத்துக்கொள்கிறேன். சூதாட்டத்தின் சுவாரஸ்யம் அது. பிள்ளையின் கைப்பேசியில் அட்டை எண்ணைச் சேமித்து வைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: சாமர்செட்டுக்கு சீசன் டிக்கெட் எடுக்கலாமா, அவ்வப்போது எடுத்தால் போதுமா? குறிப்பிட்ட பையன்களைப் பார்க்கத்தான் ஆசை. (ஹில்ஸ்பரோ வாசகர்)

குறிப்பிட்ட பையன்கள் என்றால் சீசன் டிக்கெட் வேண்டாம். நன்றாக ஆடுகிறவன் அங்கே தங்கமாட்டான், அதற்காகத்தானே டபுள்-ஏ இருக்கிறது. 2025-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். லொம்பார்ட் ஹட்சன் வேலியில் தொடங்கி மே மாதம்தான் சாமர்செட் வந்தார். ஸ்பென்சர் ஜோன்ஸ் கோடையின் நடுவிலேயே ஸ்க்ராண்டனுக்குப் போய்விட்டார். கேம் ஷ்லிட்லர் பருவத்தின் தொடக்கத்தில் சாமர்செட்டில் பந்து வீசினார், ஜூலையில் யாங்கீஸ் சட்டையில் நின்றார். அக்டோபரில் பாஸ்டனை வெளியேற்றிய ஆட்டத்தில் எட்டு இன்னிங்ஸ், ரன் ஏதும் கொடுக்காமல் 12 ஸ்ட்ரைக் அவுட் (மட்டையாளரைப் பந்தை அடிக்கவிடாமலே வெளியேற்றுவது). ஏப்ரலில் அவரை பிரிட்ஜ்வாட்டரில் பார்த்தவர்கள் இன்றைக்கு எவ்வளவு அலட்டுகிறார்கள் என்று கேட்காதீர்கள்.

ஆட்ட அட்டவணையின் அமைப்பைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஒரே எதிரணியுடன் செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஆறு ஆட்டம், திங்கள் ஓய்வு. மட்டையாளர் என்றால் அந்த வாரத்தில் எந்த நாளும் போகலாம், ஒரு நாள் ஓய்வில் உட்காரும் அபாயம் மட்டும் உண்டு. பிட்சர் என்றால் வாரத்துக்கு ஒரு முறைதான் வருவார். யார் வீசுகிறார் என்ற அறிவிப்பு வந்த பிறகு டிக்கெட் எடுங்கள். காயத்திலிருந்து திரும்பும் பெரிய நட்சத்திரம் இங்கே ஒத்திகைக்கு வருகிறார் என்றால், 2024-இல் யாங்கீஸ் பிட்சர் கெரிட் கோல் வந்ததுபோல, கூட்டம் கொள்ளாது. அன்றைக்கு மறுவிற்பனைத் தளங்களில் விலை எகிறும்.

2025 மே 12 முதல் அமெரிக்காவில் நேரடி நிகழ்ச்சி டிக்கெட்டுகளுக்குக் கட்டாயக் கட்டணங்கள் எல்லாம் சேர்த்த முழு விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்று விதி வந்துவிட்டது. கடைசித் திரையில் 'சேவைக் கட்டணம்' என்று புதிதாக ஒன்று முளைத்தால் படம் பிடித்து, நுகர்வோர் புகார்களைப் பார்க்கும் அரசு அமைப்பான எஃப்டிசி-க்கு அனுப்புங்கள். பிட்சரைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் ஹோம் பிளேட்டுக்கு (மட்டையாளர் நிற்கிற இடம்) பின்னால் இருக்கிற இருக்கைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுங்கள். பந்து வளைவது அங்கிருந்துதான் தெரியும். மைதானத்துக்குப் பக்கத்திலேயே பிரிட்ஜ்வாட்டர் ரயில் நிலையம். திரும்பி வரும் வண்டி நேரத்தை மட்டும் முன்பே பார்த்து வையுங்கள்.

வீட்டில் பார்ப்பவர்களுக்கு: மேஜர் லீக் செயலியிலேயே மைனர் லீக் ஆட்டங்களும் வருகின்றன. முழு 'எம்எல்பி டிவி' (மேஜர் லீக்கின் நேரலைச் சேவை) சந்தா கட்டியிருந்தால் தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. கட்டாதவர்களுக்கு அதைவிட மிக மலிவான 'அட் பேட்' திட்டம் இருந்துவந்திருக்கிறது. பருவத் தொடக்கத்தில் விலையையும் அதில் என்ன அடங்குகிறது என்பதையும் சரிபாருங்கள். சந்தா தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், அதையும்.

கேள்வி: பிடித்த ப்ராஸ்பெக்ட் பெயர் போட்ட ஜெர்சி?

பெயர் அச்சிட்டதைப் பொதுவாகத் திருப்பி வாங்க மாட்டார்கள். டிரூ தோர்ப் 2023-இல் ஹட்சன் வேலியிலும் சாமர்செட்டிலும் கலக்கினார். டிசம்பரில், நட்சத்திர வீரர் ஹுவான் சோட்டோவை வாங்குவதற்காக சான் டியேகோவுக்கு அனுப்பப்பட்டார். மார்ச்சில் சிகாகோ வொயிட் சாக்ஸ். தொப்பி வாங்குங்கள்.

கேள்வி: ப்ராஸ்பெக்ட் பட்டியல்களுக்குச் சந்தா கட்டுவது தேவையா? (பிரின்ஸ்டன் வாசகர்)

அணிக்கு 30 பேர் வீதம் எம்எல்பி பைப்லைன் இலவசமாகவே போடுகிறது. ஃபேன்கிராஃப்ஸ் எழுதும் விரிவான அறிக்கைகளையும் படிக்கலாம். இரண்டிலும் திறமைக்கு மதிப்பெண் போட வருகிற 20–80 அளவுகோலில் 50 என்றால் மேஜர் லீக் சராசரி. 'பேஸ்பால் அமெரிக்கா' இதழுக்குக் காசு கட்டினால் ஆழமான கட்டுரைகள் கிடைக்கும். படிக்கிற ருசிக்காகக் கட்டலாம். யார் வருவார் என்று தெரிந்துவிடும் என்பதற்காகக் கட்டாதீர்கள். ஹேசூஸ் மொன்டேரோ பட்டியல்களில் முன்வரிசையில் இருந்தவர், மேஜர் லீக்கில் நிலைக்கவில்லை. ஷ்லிட்லரை 2022-இல் யாங்கீஸ் ஏழாவது சுற்றில்தான் எடுத்தது. யாங்கீஸின் பெரிய நட்சத்திரம் ஏரன் ஜட்ஜ்கூட 2013 டிராஃப்டில் 32-ஆவது ஆள்தான்.

பட்டியலில் எண்ணைவிட எழுத்தைப் படியுங்கள். ஸ்பென்சர் ஜோன்ஸ் 2024-இல் சாமர்செட்டில் 200 முறை ஸ்ட்ரைக் அவுட் ஆனார். அடுத்த ஆண்டு இரு அணிகளிலுமாக 35 ஹோம் ரன். இந்த இரண்டும் ஒரே ஆளுக்குள் எப்படி இருக்கின்றன என்று விளக்குகிற அறிக்கைதான் காசு பெறும்.

கேள்வி: ப்ராஸ்பெக்ட் ஒருவரின் எதிர்காலச் சம்பளத்தில் பங்கு வாங்கலாம் என்று விளம்பரம் வருகிறது. நம்பலாமா? (ஜெர்சி சிட்டி வாசகர்)

சட்டப்படி ஆவணம் தாக்கல் செய்து இப்படி விற்கிறவர்கள் உண்டு, மோசடிகளும் இருக்கலாம். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஸ்இசி-யின் தளத்தில் அந்த நிறுவனத்தின் ஆவணம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். 2023-இல் வந்த முதல் தொழிற்சங்க ஒப்பந்தத்தில் டபுள்-ஏ வீரரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 30,250 டாலர் ஆனது. அதற்கு முன் 13,800. இதில் உங்களுக்குப் பங்கு தர என்ன இருக்கிறது? மேஜர் லீக் பெரிய ஒப்பந்தம் கிடைத்தால்தான் பணம், அதுவும் பல வருஷம் கழித்து. இடையில் விற்று வெளியே வருவதும் சுலபமில்லை. பெரிய ஒப்பந்தம் கிடைத்தாலும் சிக்கல் வரலாம். ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியர் மைனர் லீக் காலத்தில் ஒரு நிறுவனத்திடம் இப்படிப் பணம் வாங்கினார். பிறகு 34 கோடி டாலர் ஒப்பந்தம் கிடைத்தது. 2025-இல் அந்த நிறுவனத்தின் மேலேயே வழக்குப் போட்டார். என்னைக் கேட்டால் வேண்டாம்.

கேள்வி: அர்ஜுன் நிம்மலா நம்ம பையன் என்று வீட்டில் ஒரே கொண்டாட்டம். அவர் கார்டு, கையெழுத்து எல்லாம் வாங்கலாமா? (சவுத் பிரன்ஸ்விக் வாசகி)

இந்தியாவிலிருந்து குடியேறிய பெற்றோரின் பிள்ளை, ஃப்ளோரிடாவில் பள்ளி படித்தவர், 2023-இல் டொராண்டோ முதல் சுற்றில் 20-ஆவதாக எடுத்தது. 2025-இல் வான்கூவரில் ஹை-ஏ ஆடினார். நம் வீடுகளில் பாசம் அதிகம், பாசத்துக்கு விலையும் அதிகம் வைப்பார்கள். மற்ற கார்டுக்குச் சொன்ன அதே கணக்குத்தான், விற்ற விலை பார்த்து வாங்குங்கள். வெறும் 'அசல் சான்றிதழ்' என்ற தாளோடு வருகிற கையெழுத்துப் பந்து வேண்டாம். அந்தத் தாளை யாரும் அச்சடிக்கலாம். பௌமன் கையெழுத்துக் கார்டு என்றால் அது கம்பெனி முன்னிலையில் போட்டது என்று பின்புறமே எழுதியிருக்கும்.

அவர் டபுள்-ஏ ஏறினால் நியூ ஹாம்ப்ஷயர் அணிக்கு வருவார். அது சாமர்செட்டோடு ஒரே லீக்கில் ஆடுகிற அணி. அட்டவணையில் அவர்கள் பிரிட்ஜ்வாட்டருக்கு வருகிற வாரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வாயில் திறந்ததும் போய் எதிரணியின் டக்அவுட் (வீரர்கள் உட்காரும் இடம்) பக்கக் கம்பி ஓரம் நில்லுங்கள். கார்டுக்கு நீல ஷார்ப்பி (மார்க்கர் பேனா), பந்துக்குச் சாதாரண நீல பால்பாயிண்ட். பந்தில் ஷார்ப்பி போட்டால் நாளாக நாளாக மை பரவிவிடும். பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள் பிள்ளையை, எண் சொல்லி வேண்டாம்.