பிரண்டை: கை அரிப்புல இருந்து மாடித்தோட்டம் வரைக்கும், உங்க கேள்விகளுக்கு பதில்

அண்ணா, பிரண்டை கட்டிங் ரெண்டு தடவை வச்சேன், ரெண்டும் அழுகிப் போச்சு. தினமும் தண்ணி ஊத்துறேனே?

அதாங்க பிரச்சனையே. பிரண்டைக்கு தண்ணிய தண்டுலயே சேத்து வச்சிக்கிற குணம் இருக்கு, அதனால தினமும் ஊத்தினா அழுகத்தான் செய்யும். ரெண்டு மூணு கணு இருக்குற முத்தின தண்டா வெட்டி, நிழல்ல ரெண்டு நாள் போட்டு வெட்டுவாய் காஞ்சதுக்கப்புறம் ஒரு கணு மண்ணுக்குள்ள போற மாதிரி நடுங்க. மண்ணு செம்மண், மணல், கொஞ்சம் மக்கின சாணம், தொட்டிக்கு அடியில ஓட்டை கட்டாயம். மேல் மண்ணு நல்லா காஞ்சாதான் அடுத்த தண்ணி. வெயில் அடிக்கிற கிரில் ஓரமா வச்சா சுருள் மாதிரி இருக்குற பற்றுக்கம்பியால கிரில்லப் பிடிச்சி தானா ஏறிக்கும்.

இலையே அதிகமில்ல, இருந்ததும் கொட்டுது. செத்துடுச்சா?

இல்ல. அதோட சுபாவமே அப்படித்தான், தண்டு பச்சையா இருந்தா கவலைப்படாதீங்க.

துவையல் செஞ்சேன் சார், கை அரிச்சுது, சாப்பிட்டா தொண்டையும் அரிக்குது. என் மாமியார் செஞ்சா மட்டும் அப்படி இல்ல!

உங்க மாமியார் பக்குவம் தெரிஞ்சவங்க. பிரண்டையில ஊசி மாதிரி கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கு, அதான் குத்துது. முதல்ல கையில நல்லெண்ணெய் தடவிக்கோங்க. இளந்தண்டா மட்டும் எடுங்க, கணுவ வெட்டித் தள்ளிட்டு நாலு ஓரத்துலயும் நார உரிங்க. பொடிசா நறுக்கி, கைத்தாராளமா நல்லெண்ணெய் விட்டு பச்சை நிறம் மாறி சுருங்குற வரைக்கும் வதக்கணும், பலபேரு இங்கதான் அவசரப்பட்டு அடுப்ப அணைச்சிடுறாங்க. அப்புறம் உளுந்து, வரமிளகாய், பெருங்காயம், கொஞ்சம் தேங்காய் வறுத்து, புளிய வழக்கத்தவிட கூடவே வச்சி மிக்ஸில அரைச்சி, தாளிச்சிடுங்க. புளி குறைஞ்சா அரிப்பு நிக்காது. சூடான சாதத்துல பிசைஞ்சி சாப்பிட்டுட்டு சொல்லுங்க.

முட்டி வலிக்கு பச்சையா ஜூஸ் போட்டு தினமும் குடிக்கலாமா? எலும்பு ஒட்டும்னு சொல்றாங்களே.

பச்சை ஜூஸ் வேணாம், தொண்டை பதில் சொல்லிடும். எலும்புக்கு பிரண்டைய நம்ம ஊர்ல மட்டுமில்ல, வடக்கேயும் ரொம்ப காலமா பயன்படுத்துறாங்க, ஆராய்ச்சியும் நடக்குது, அதுக்காக எலும்பு முறிஞ்சா கட்டுப்போடாம துவையல் சாப்பிட்டுட்டு உக்காரக்கூடாது, எக்ஸ்ரே எடுத்து டாக்டர் சொல்றதுதான். வாரத்துக்கு ஒருநாள் துவையலா சாப்பிடுங்க, அது உணவு. கிட்னி கல் வந்தவங்க ஆக்சலேட் காரணமா டாக்டரக் கேட்டுட்டு தொடுங்க, கர்ப்பிணிகளும் தவிர்க்கறது நல்லது.

தண்டுல வெள்ளை வெள்ளையா பஞ்சு மாதிரி இருக்கு.

மாவுப்பூச்சி. தண்ணிய வேகமா பீய்ச்சி கழுவுங்க, அப்புறம் ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புத் தண்ணி கலந்து சாயங்காலமா தெளிங்க. ஒரு வாரம் பறிக்காதீங்க.

ரோட்டோர வேலியில நிறைய கிடக்கு, பறிச்சிக்கலாமா?

சமையலுக்கு வேணாம், புகை, குப்பை, நாய் எல்லாம் படுற இடம். நடறதுக்குன்னா ஒரு துண்டு எடுத்துக்கலாம், ஆனா சதுரக்கள்ளிய பிரண்டைன்னு நினைச்சி எடுத்துடாதீங்க, வேலியில அதுவும் இருக்கும். ஒடிச்சா வெள்ளையா பால் வந்தா அது கள்ளி, விஷம், கண்ணுல பட்டா ஆபத்து. பிரண்டையில பால் வராது, கணுவுல பற்றுக்கம்பி சுருண்டு இருக்கும்.