நாடாப்புழு இருந்தால் நாய்க்குட்டி வளராதா?

கேள்வி: எங்கள் நாய்க்குட்டிக்கு 4 மாதம் ஆகிறது. கூடப் பிறந்த குட்டிகளைவிடச் சின்னதாக இருக்கிறது. வாலடியில் அரிசி போல வெள்ளையாக ஏதோ நெளிகிறது. பூச்சி மருந்து கொடுத்தும் போகவில்லை. சாப்பிடுவதையெல்லாம் புழு தின்றுவிடுவதால்தான் வளரவில்லையா?

பதில்: நெளிவது நாடாப்புழுவின் துண்டு. காய்ந்ததும் எள் போல ரோமத்தில் ஒட்டிக்கொள்ளும். இந்தப் புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. குட்டியின் குடலில் கரைந்திருக்கும் சத்தைத் தன் தோல் வழியாகவே உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் ஒன்றிரண்டு புழு எடுப்பது கொஞ்சம்தான். நன்றாகச் சாப்பிடும் குட்டியின் வளர்ச்சி அதனால் மட்டும் நின்றுவிடாது. நிறையப் புழு சேர்ந்தால், அதுவும் தீனி போதாத குட்டி என்றால், இளைப்பு தெரியும்.

நாடாப்புழு வந்தாலே உடல் வற்றிவிடும் என்பதும் எப்போதும் சரியல்ல. ஸ்பைரோமெட்ரா என்ற நாடாப்புழுவின் இளம்புழுக்களைச் சோதனைக்கூட எலிகளுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். அவை வழக்கத்தைவிட வேகமாக எடை கூடின. வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பியை எடுத்துவிட்டதால் வளர்ச்சி நின்றுபோன எலிகள்கூட மறுபடி வளர்ந்தன. அந்தப் புழு சுரக்கும் ஒரு பொருள், வளர்ச்சி ஹார்மோன் போய் உட்காரும் அதே இடத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறது. எனக்கு இன்றும் வியப்பு தீரவில்லை!

சரி, உங்கள் குட்டிக்கு வருவோம். என் சந்தேகம் உருண்டைப்புழு, கொக்கிப்புழு மேல்தான். உருண்டைப்புழு தாயின் வயிற்றிலேயே தொற்றிவிடும். குட்டி மெலிந்து, வயிறு மட்டும் பானை போல இருக்கும். கொக்கிப்புழு தாய்ப்பாலிலும் வரும், ரத்தத்தைக் குடிக்கும். மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தால் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அப்படி இல்லையென்றாலும் இந்த வாரத்துக்குள் மலப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

நீங்கள் கொடுத்த மருந்தின் பெயரைப் பாருங்கள். குட்டிகளுக்கு வழக்கமாகத் தரும் பைரான்டெல் நாடாப்புழுவைத் தொடாது. அதற்கு பிரசிகுவான்டெல் வேண்டும். எடை பார்த்து அளவு சொல்ல வேண்டியது மருத்துவர், நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள்.

அப்புறம், தெள்ளுப்பூச்சி. அரிப்பில் கடிக்கும்போது குட்டி விழுங்கும் தெள்ளுக்குள்தான் இந்தப் புழுவின் குஞ்சு இருக்கிறது. அபூர்வமாக, தெள்ளு வாய்க்குள் போன சிறு குழந்தைகளுக்கும் இது தொற்றுவதுண்டு. குட்டிக்குத் தெள்ளு மருந்து போட்டு, படுக்கைத் துணியை வெந்நீரில் துவையுங்கள். சுமார் 3 வாரத்தில் மறுபடி துண்டு தெரிந்தால் மருந்தைக் குறை சொல்லாமல் தெள்ளைத் தேடுங்கள்.