டெபியனில் பைதனைக் கட்டினேன், எஸ்எஸ்எல் இல்லை என்கிறது. ஏன்?

கேள்வி கேட்டவரின் நிலைமை இது: ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு சனசமூக நிலையத்தில் பழைய 32 பிட் கணினிகள், அவற்றில் டெபியன் 12 என்ற லினக்ஸ். பைதன் 3.12ஐ மூலநிரலில் இருந்து கட்டி நிறுவியிருக்கிறார். பைதன் ஓடுகிறது. ஆனால் பைதன் பொதிகளை இறக்கும் பிப் மூலம் எதை இறக்கப் போனாலும், பாதுகாப்பான இணையத் தொடர்புக்கு வேண்டிய எஸ்எஸ்எல் மொடியூல் இல்லை என்று நின்றுவிடுகிறது. "கட்டும்போது ஒரு பிழையும் வரவில்லையே, பிறகு எப்படி?" என்கிறார்.

பிழை வராததுதான் இதில் சிக்கலே. கட்டும்போது முதலில் ஓட்டும் கொன்ஃபிகர் ஸ்கிரிப்ட் செய்யும் வேலை, உங்கள் இயங்குதளத்தைத் துருவித் துருவி விசாரிப்பது. முழு எண்ணுக்கு எத்தனை பைட், இந்த ஃபங்ஷன் இருக்கிறதா, அந்த ஹெடர் கோப்பு எங்கே என்று சின்னச் சின்ன சி நிரல்களை எழுதி, கொம்பைல் செய்து பார்த்து, கிடைத்த விடைகளை பைகொன்ஃபிக்.எச் என்ற கோப்பிலும் மேக்ஃபைலிலும் பதிந்து வைக்கும். சி கொம்பைலர் இல்லாவிட்டால் அந்த இடத்திலேயே நின்றுவிடும். எஸ்எஸ்எல், எஸ்கியூலைட் (தரவுத்தளம்), டிகே (திரையில் ஜன்னல்கள் காட்டுவது) போன்றவற்றை அது அப்படிக் கட்டாயமாகப் பார்ப்பதில்லை. இருந்தால் சேர்க்கும், இல்லாவிட்டால் விட்டுவிட்டு மிச்சத்தைக் கட்டி முடிக்கும். அதற்குப் பிறகு உண்மையில் கட்டும் வேலையைச் செய்வது மேக் கட்டளை. அது முடிகிற இடத்தில், தேவையானவை கிடைக்காததால் இன்ன மொடியூல்கள் கட்டப்படவில்லை என்று ஒரு பட்டியல் வந்திருக்கும். முன்னும் பின்னும் ஓடுகிற வரிகளுக்குள் அது கண்ணில் படாமல் போவது சகஜம்.

"என் டெபியனில் எஸ்எஸ்எல்லுக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரி இருக்கிறதே, பிரவுசர் எல்லாம் வேலை செய்கிறதே" என்று நினைப்பீர்கள். இருக்கிறது. டெபியன் ஒவ்வொரு லைப்ரரியையும் இரண்டு பொதியாகப் பிரித்து வைக்கிறது. ஓடுவதற்குத் தேவையானது ஒன்று, அதை வைத்து வேறொன்றைக் கட்டுவதற்குத் தேவையான ஹெடர் கோப்புகள் இன்னொன்று. லிப்எஸ்எஸ்எல்3 உங்களிடம் இருக்கிறது, லிப்எஸ்எஸ்எல்-டெவ் இல்லை. கொன்ஃபிகர் தேடுவது இரண்டாவதை. வேறு லினக்ஸ்களுக்கு எழுதிய வழிகாட்டிகளைப் பார்த்துச் செய்தால் இங்கேதான் இடறும். ஃபெடோராவில் அதே பொதிக்கு வேறு பெயர்.

ஆகவே கட்டுவதற்கு முன் இவற்றை டெபியனின் பொதி நிறுவியான அப்ட் மூலம் நிறுவுங்கள்: பில்ட்-எசென்ஷியல், லிப்எஸ்எஸ்எல்-டெவ், ஸெட்லிப்1ஜி-டெவ், லிப்எஃப்எஃப்ஐ-டெவ், லிப்எஸ்கியூலைட்3-டெவ், லிப்பிஸெட்2-டெவ், லிப்எல்ஸெட்எம்ஏ-டெவ், லிப்ரீட்லைன்-டெவ், டிகே-டெவ். இதில் ஸெட்லிப் விடுபட்டால் நிறுவும் கட்டத்தில் பிப்பை விரிக்க முடியாமல் மேக் நின்றுவிடும். எஃப்எஃப்ஐ விடுபட்டால், சி லைப்ரரிகளைப் பைதனில் இருந்து அழைக்கும் சிடைப்ஸ் மொடியூல் இருக்காது. டிகே-டெவ் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன், ஏனென்றால் சேர்வர்களுக்காக எழுதிய குறிப்புகள் அதை விட்டுவிடுவார்கள். பிள்ளைகள் முதலில் ஆசையாகப் பழகுவது டேர்ட்டில் வரைதல். அதுவும், பைதனோடு வரும் நிரல் எழுதும் ஜன்னலான ஐடிலும் டிகே இல்லாமல் திறக்கவே திறக்காது.

இப்போது முக்கியமான விஷயம். பைதன் 3.12இல் எது குறைகிறது என்று அறிய மேக் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கொன்ஃபிகர் ஓடி முடியும் இடத்தில் ஒவ்வொரு மொடியூலுக்கும் ஒரு வரி விழும். வரியின் கடைசியில் யெஸ், மிஸிங், டிஸேபிள்ட், என்/ஏ என்ற நாலில் ஒன்று நிற்கும். என்/ஏ என்றால் அந்த மொடியூல் உங்கள் இயங்குதளத்துக்கு உரியதே இல்லை. மெக் கணினிக்கான ஸ்கேப்ரொக்ஸி லினக்ஸில் அப்படித்தான் காட்டும், அதைக் கவனிக்க வேண்டாம். மிஸிங் என்றால் உங்களிடம் வர வேண்டியது, வரவில்லை. வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்து மிஸிங் என்ற சொல்லை மட்டும் தேடுங்கள். என்ஐஎஸ் என்ற பழைய மொடியூல் ஒன்றுதான் மிஞ்சுகிறது என்றால் பரவாயில்லை, 3.13இல் அதையே நீக்கிவிட்டார்கள். எஸ்எஸ்எல், எஸ்கியூலைட்3, டிகின்டர் இதில் ஏதாவது அந்தத் தேடலில் சிக்கினால் மேக்கைத் தொடவே வேண்டாம். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்துத்தானே சிறுபோகம் எவ்வளவு விதைப்பது என்று தீர்மானிக்கிறார்கள், அதே மாதிரி.

நான் கிளிநொச்சியில் இதே போன்ற பழைய மெஷின்களைப் பிள்ளைகளுக்காகப் பராமரிக்கிறேன், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். மாரி காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது. கட்டும் நடுவில் போனால் பயப்படாதீர்கள், மேக்கைத் திரும்ப ஓட்டினால் விட்ட இடத்தில் இருந்து தொடரும். ஆனால் அந்த நேரத்தில் எழுதிக்கொண்டிருந்த ஒப்ஜெக்ட் கோப்பு (கொம்பைல் ஆன ஒரு துண்டு) பூச்சிய அளவில் கிடக்கலாம். மேக் அதைப் பார்த்து "இது முடிந்துவிட்டது" என்று தாண்டிப் போகும், கடைசியில் அந்தத் துண்டுகளை இணைக்கும் லிங்கர் விளங்காத ஒரு பிழையைக் காட்டும். பூச்சிய அளவில் உள்ள .ஓ கோப்புகளை ஃபைண்ட் கட்டளையால் தேடி அழித்துவிட்டு மேக்கை ஓட்டினால் சரியாகிவிடும்.

அடுத்து, கொன்ஃபிகருக்குக் கொடுக்கும் தெரிவுகள். எங்கே நிறுவுவது என்று சொல்லும் பிரிஃபிக்ஸை /ஒப்ட்/பைதன்312 என்று வையுங்கள். /யூஎஸ்ஆர் என்று மட்டும் வைக்க வேண்டாம். டெபியனின் சொந்தக் கருவிகள் சில அங்கே இருக்கும் பைதன் 3.11ஐ நம்பி ஓடுகின்றன. நிறுவும்போதும் மேக் இன்ஸ்டோலுக்குப் பதிலாக மேக் ஆல்ட்இன்ஸ்டோல் கொடுத்தால் பைதன்3 என்ற பொதுப் பெயரைத் தொடாது, பைதன்3.12 என்ற பெயரில் மட்டும் வைக்கும். எனேபிள்-ஒப்டிமைசேஷன்ஸ் என்ற தெரிவைக் கனபேர் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கச் சொல்வார்கள். அது, எந்தப் பகுதி அதிகம் ஓடுகிறது என்று அளக்கும் கருவியோடு ஒருமுறை கட்டி, சோதனைகளில் ஒரு பகுதியை ஓட்டிப் பார்த்து, அந்தத் தகவலோடு திரும்பவும் கட்டும். வேகம் கூடும், உண்மைதான். ஆனால் பழைய மெஷினில் அவ்வளவு நேரம் மினக்கெட இந்தத் தேவைக்கு அவசியமில்லை. லிங்க் செய்யும்போது நிரலைச் சீராக்கும் எல்டிஓ தெரிவையும் விடுங்கள், அந்த நேரத்தில் நினைவகத்தைக் கனக்கத் தின்னும். 2 ஜிபி ரேம் என்றால் மேக்குக்கு -ஜே2 (ஒரே நேரத்தில் இரண்டு வேலை) போதும்.

உங்களுக்கு 3.12தான் வேண்டுமா என்றும் ஒருக்கால் யோசியுங்கள். டெபியன் 12இலேயே பைதன் 3.11 வருகிறது. உயர்தர மாணவர்களின் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்துக்கு அது தாராளம். 32 பிட்டைப் பொறுத்தவரை, டெபியன் 13இல் அதற்கு இன்ஸ்டோலரும் கேர்னலும் இல்லை. இந்த மெஷின்கள் இருக்கும்வரை 12தான், அதில் புதிய பைதன் வேண்டுமென்றால் கட்டித்தான் ஆக வேண்டும். அப்படிக் கட்டுவது வீண்வேலை என்று நான் சொல்லமாட்டேன். ஒரு மொழி இயங்குதளத்தின் மேல் எப்படி அமர்கிறது என்று பிள்ளைகள் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

எல்லா மெஷினிலும் திரும்பத் திரும்பக் கட்ட வேண்டாம். ஒன்றில் கட்டி, எஸ்எஸ்எல், எஸ்கியூலைட்3, சிடைப்ஸ், டிகின்டர் எல்லாவற்றையும் இம்போர்ட் செய்து பாருங்கள். பேசாமல் அடுத்த வரிக்கு வந்தால் சரி. பிறகு /ஒப்ட்/பைதன்312 ஃபோல்டரை டார் செய்து பென் டிரைவில் எடுத்துப் போய், மற்றவற்றில் அதே இடத்தில் விரித்தால் போதும். அவையும் 32 பிட் டெபியன் 12 ஆக இருக்க வேண்டும். அந்த மெஷின்களுக்கு டெவ் பொதிகள் தேவையில்லை, ஓடுவதற்கான லைப்ரரிகள் மட்டும் இருந்தால் சரி. பெரும்பாலானவை ஏற்கெனவே இருக்கும், லிப்டிகே8.6உம் அதற்குத் தேவையான லிப்டிசிஎல்8.6 போன்றவையும் இல்லாமல் இருக்கலாம். டேட்டாவை மிச்சம் பிடிக்க அந்தப் பொதிகளை முதல் மெஷினின் /வார்/கேஷ்/அப்ட்/ஆர்கைவ்ஸ் ஃபோல்டரில் தேடிப் பாருங்கள். அங்கே கிடந்தால் அவற்றையும் அதே பென் டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள்.