எந்த லினக்ஸ் நிலையானது?

கேள்வி: எட்டு ஆண்டுப் பழைய மடிக்கணினி ஒன்றில் லினக்ஸ் பயன்படுத்துகிறேன். நினைவகம் 8 ஜிபி. கட்டுரை எழுதுவது, கணக்கு வைப்பது, இணையம் பார்ப்பது, அச்சிடுவது ஆகியவையே என் வேலைகள். ஓராண்டில் ஐந்து வழங்கல்களை (லினக்ஸ் இயங்குதளத்தின் வெவ்வேறு தொகுப்புகளை) மாற்றிவிட்டேன். சென்ற மாதம் ஒரு புதுப்பிப்புக்குப் பிறகு திரை கறுத்துப்போனதால், எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவினேன். இனி மாற்றவே தேவைப்படாத, நிலையான லினக்ஸ் எது?

பதில்: திரை கறுத்ததைவிட, அதற்காக எல்லாவற்றையும் அழித்துவிட்டீர்களே என்பதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது. பெரும்பாலான வழங்கல்கள் புதிய கெர்னலை (இயங்குதளத்தின் மையக்கருவை) நிறுவும்போது பழையதையும் விட்டுவைக்கின்றன. கணினி தொடங்கும்போது எஸ்கேப் விசையைத் தட்டி கிரப் எனும் தொடக்கப் பட்டியலை வரவழைத்து, ‘மேம்பட்ட விருப்பங்கள்’ என்ற வரிக்குள் சென்று, பதிப்பெண் குறைந்த கெர்னலைத் தேர்ந்தெடுக்கலாம். கோளாறு புதிய கெர்னலில் இருந்திருந்தால், உங்கள் கணினி முந்தைய நாள் இருந்தபடியே திறந்திருக்கும்.

‘நிலையானது’ என்ற சொல் லினக்ஸ் உலகில் இரண்டு பொருளில் வழங்குகிறது. முடங்காமல் ஓடுவது ஒன்று. அடிக்கடி மாறாமல் இருப்பது மற்றொன்று. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது என்றே நினைக்கிறேன், ஏனெனில் மாற்றம் குறைந்த இடத்தில் முடக்கமும் குறைகிறது. டெபியன் என்ற வழங்கலின் நிலையான கிளை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியாகிறது. இடைப்பட்ட காலத்தில் பாதுகாப்புத் திருத்தங்களும் முக்கியமான பிழைதிருத்தங்களும் வருமே தவிர, மென்பொருள்களின் பதிப்புகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கு ஐந்து ஆண்டுகள் திருத்தங்கள் கிடைக்கின்றன. ஃபெடோரா நல்ல வழங்கல்தான். ஆனால் அதன் ஒரு பதிப்புக்கு ஏறக்குறைய 13 மாதங்களே ஆயுள். ஆர்ச் ஓயாமல் மாறிக்கொண்டே இருப்பது. உங்கள் வேலைக்கு இவ்விரண்டும் வேண்டாம்.

என் பரிந்துரை லினக்ஸ் மின்ட் 22. அது உபுண்டு 24.04-ஐ அடித்தளமாகக் கொண்டது. 2029 வரை ஆதரவு உண்டு. அதிலும் எக்ஸ்எஃப்சிஇ மேசைத்தளத்தையே (திரையில் நாம் காணும் சாளரங்கள், பட்டியல்களின் அமைப்பு) சொல்வேன். அது இலேசானது என்பதோடு, மெதுவாக மாறுவது என்பதும் காரணம்: அதன் 4.18 பதிப்பு 2022 டிசம்பரில் வந்தது, அடுத்த 4.20 பதிப்பு 2024 டிசம்பரில்தான் வந்தது.

நிறுவுவதற்கு முன் பென்டிரைவிலிருந்து நேரடியாக இயக்கிப் பாருங்கள். வைஃபை இணைகிறதா, ஒலி வருகிறதா, உங்கள் அச்சுப்பொறி ஒரு பக்கமாவது அச்சிடுகிறதா என்று பார்ப்பதோடு நிறுத்திவிடாமல், மூடியைச் சாத்திப் பத்து நிமிடம் கழித்துத் திறந்து பாருங்கள். உறக்கத்திலிருந்து விழிக்கும்போது தடுமாறும் மடிக்கணினிகள் பல உண்டு. அதை முதல் நாளே தெரிந்துகொள்வது நல்லது. தமிழ் தட்டச்சுக்கு ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவி வழியாகத் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளலாம்.

நிறுவும்போது, உங்கள் கோப்புகள் இருக்கும் ‘ஹோம்’ பகுதியைத் தனிப் பிரிவாக வையுங்கள். பிறகு எப்போதாவது மறுபடி நிறுவ நேர்ந்தாலும், அந்தப் பிரிவை ஃபார்மேட் செய்யாமல் விட்டால் கோப்புகள் தப்பும்.

இனி சொல்லப்போவதை வழங்கலின் பெயரைவிட முக்கியமாகக் கருதுகிறேன். நான் பார்த்த பழுதுகளில் பல, வெளிக் களஞ்சியங்களை (வழங்கலுக்கு வெளியே உள்ளவர்கள் மென்பொருள் தரும் இடங்களை) ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்ததால் வந்தவை. ஏதோ ஒரு மென்பொருளின் புதிய பதிப்பு வேண்டும் என்பதற்காகச் சேர்த்த களஞ்சியம், பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் அடித்தள நூலகங்களையும் மாற்றிவிடக்கூடும். புதிய பதிப்பு அவசியமானால் பிளாட்பேக் என்ற தனி நிறுவல் முறை வழியாக நிறுவுங்கள். அது அடித்தளத்திலிருந்து விலகி நிற்கும். முனையத்தில் (கட்டளைகளைத் தட்டச்சிடும் சாளரத்தில்) ஏப்டி என்ற நிறுவல் கட்டளை கொண்டு எதையாவது நிறுவும்போது, தொடரலாமா என்று கேட்பதற்கு முன் நீக்கப்படப்போகும் பொதிகளின் பட்டியலை அது காட்டும். சின்ன மென்பொருள் ஒன்றைச் சேர்க்கப்போய், அந்தப் பட்டியலில் மேசைத்தளத்தின் பெயரே வந்து நின்றால், ‘n’ விசையை அழுத்தி வெளியேறிவிடுங்கள்.

மின்ட்டில் டைம்ஷிப்ட் என்ற மீட்புக் கருவி கூடவே வருகிறது. வாரம் ஒருமுறை நிலைப்பதிவு (கணினி அமைப்பின் அப்போதைய நகல்) எடுக்கும்படி அமைத்துவிட்டால், தவறான புதுப்பிப்பிலிருந்து சில நிமிடங்களில் பின்வாங்கலாம். ஆனால் அது இயல்பாக ஹோம் கோப்புகளைத் தொடுவதில்லை. உங்கள் கட்டுரைகளுக்கும் கணக்குகளுக்கும் வெளி வன்தட்டில் தனியே ஒரு நகல் வேண்டும். அதை இப்போது இருக்கும் வழங்கலிலேயே, அடுத்ததை நிறுவத் தொடங்கும் முன் எடுத்துவிடுங்கள்.