செங்காலா, மெர்பாவா, மெராந்தியா?

கேள்வி: ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீடுகளை இடித்தெடுத்த மரம் விற்கும் ஒருவரிடம் செங்கால் உத்தரம், மெர்பாவ் பலகை, தேக்குக் கதவு, மெராந்தி மாடிப்பலகை எல்லாம் இருக்கின்றன. தண்டவாளக் கட்டையையும் மலிவாகத் தருவதாகச் சொல்கிறார். எங்களுக்கு ஆறடி சாப்பாட்டு மேசையும் புத்தக அலமாரியும் வேண்டும். வீடு 11ஆவது மாடியில். எதை வாங்கலாம்?
- வாசகர், பாயான் லெப்பாஸ்

பதில்: செங்கால் என்றாலே நமக்கு ஒரு மயக்கம் உண்டு. உறுதியில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லைதான். ஆனால் கூரை தாங்கப் பிறந்த மரத்தில் சோறு சாப்பிட மேசை எதற்கு? அதன் எடை கன மீட்டருக்கு ஏறக்குறைய 950 கிலோ. ஆறடிக்கு மூன்றடி, ஒன்றரை அங்குலத் தடிப்பு என்றால் மேற்பலகை மட்டுமே 60 கிலோ வரும். லிஃப்டில் ஏற்றுவதையும் வீடு மாறுவதையும் நினைத்துப் பாருங்கள். போதாததற்கு, அறுப்புக் கூலியும் கூடும். உள்ளே முறிந்து கிடக்கும் பழைய ஆணி ரம்பத்தின் பல்லைத் தின்றுவிடும். அந்தச் செலவும் உங்கள் தலையில்தான்.

மேசைக்கு நான் மெர்பாவைச் சொல்வேன். 2019இல் மலேசியாவின் தேசிய மரமாக அறிவிக்கப்பட்டது அது. செங்காலைவிட எடை குறைவு. வைரம் பாய்ந்த பகுதி நன்றாக உழைக்கும். ஒரு குறை: ஈரம் பட்டால் பழுப்புச் சாயம் விடும். வெள்ளைத் துணியை நனைத்து, இழைத்த இடத்தில் கொஞ்ச நேரம் வைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். மெருகு பூசி அடைத்தபின்தான் மேசைவிரிப்பு போட வேண்டும்.

தேக்கு அருமைதான். ஆனால் கதவில் இருப்பது குறுகிய சட்டங்களும் மெல்லிய பலகைகளும். மேசைக்கு வேண்டிய அகலம் கிடைக்கப் பல துண்டுகளை ஒட்ட வேண்டியிருக்கும். பழைய பெயின்ட் இருந்தால் அதில் ஈயம் இருக்கக்கூடும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள்.

அலமாரிக்கு மெராந்தி போதும். இலேசானது, இழைக்க எளிது. ஆனால் கரையானுக்குப் பிடித்த மரம் என்பதால் பலகையின் அடிப்பக்கத்தையும் முனையையும் உளியால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் விட்டுவிடுங்கள். தட்டு மூன்றடிக்கு மேல் நீண்டால் நடுவில் ஒரு தாங்கு கொடுக்கச் சொல்லுங்கள்.

ஓட்டைகளைக் கண்டு எல்லா மரத்தையும் ஒதுக்க வேண்டாம். செங்காலில் குண்டூசி முனை அளவில் காணும் துளைகள் மரம் நிற்கும்போதே பூச்சி போட்டவை, பெரும்பாலும் பழையவை. மற்ற மரங்களின் வெளிறு பகுதியில் (வைரம் பாயாத வெளிப்புறத்தில்), துளையிலிருந்து மாவு போன்ற தூள் புதிதாக உதிர்ந்தால்தான் கவலை. பூச்சி இன்னும் உள்ளே குடியிருக்கிறது.

தண்டவாளக் கட்டையில் கீல் நாற்றமும் கறுப்புக் கறையும் இருந்தால் கிரியோசோட் என்னும் மரக்காப்பு எண்ணெய் பூசியது; வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. தோலுக்கும் நுரையீரலுக்கும் ஆகாது, புற்றுநோய் அபாயமும் சொல்லப்படுகிறது.

விலை பேசும்போது ஒன்றைக் கவனியுங்கள். மர வியாபாரத்தில் ‘டன்’ என்பது எடையல்ல, 50 கன அடி. அந்த அளவு இழைப்பதற்கு முன்பா பின்பா என்று கேளுங்கள். அறுத்த பலகையை இடைக்கட்டை வைத்துச் சில வாரமாவது அடுக்கி ஆறவிட்ட பிறகே தச்சரிடம் கொடுங்கள். வெயிலில் கிடந்த உத்தரத்தின் உள்ளே ஈரம் தங்கியிருக்கலாம். குளிர்சாதன அறைக்கு வந்ததும் அது வளைந்து உங்களைக் கேலி செய்யும்.

கேள்வி: செங்கால் என்று வாங்கிய கட்டையைப் பாலாவ் என்ற வேறு மரம் என்கிறார் தச்சர். என்ன செய்வது?
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: பார்வையால் சொல்வது வாதமாகும், சான்றாகாது. கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆய்வுக் கழகத்தில் ஒரு துண்டைக் கொடுத்து எந்த மரம் என்று கண்டறியலாம். ரசீதில் ‘செங்கால்’ என்று எழுதியிருக்கிறதா? இருந்தால், பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளிக் கட்டணம் செலுத்தி வழக்குத் தொடுக்கலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே விசாரிப்பார்கள், வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுகளுக்குள் போய்விடுங்கள். ரசீதில் ‘பழைய மரம்’ என்று மட்டும் இருந்தால், விற்றவர் ‘செங்கால்’ என்று எழுதிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.