கல் ஒன்றுபோல இருந்தால்

அன்புள்ள ஐயா,

என் மகள் பினாங்கில் கடல் உயிரியல் முதுகலை படிக்கிறாள். கெலாமா மீனின் தலையைப் பிளந்து, காதுக்குள் இருக்கும் கல்லை எடுத்து, அதிலுள்ள ஸ்ட்ரான்சியம், பேரியம் அளவைப் பார்க்கிறாள். கெடா மீன், பினாங்கு மீன் இரண்டின் கல்லும் ஒரே மாதிரி இருந்தால் எல்லாம் ஒரே கூட்டம்தானே என்றேன். முறைத்துவிட்டுப் போய்விட்டாள். இந்தப் படிப்புக்கு இங்கே வேலை உண்டா?

க., பட்டர்வொர்த்

அன்புள்ள க.,

வேலையைப் பற்றி நான் என்ன சொல்ல? பத்து மவுங்கில் மீன்வள ஆராய்ச்சிக் கழகம் இருக்கிறது. முக்கா ஹெட்டில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் (யுஎஸ்எம்) கடல் ஆய்வு மையம் இருக்கிறது. மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள். அவள் முறைத்தது சரிதான்.

அந்தக் கல் கால்சியம் கார்பனேட். குஞ்சுப் பருவம் முதல் படலம் படலமாக வளரும். எலும்பைப்போல் உடல் அதைக் கரைத்து எடுத்துக்கொள்வதில்லை. அதனால் நடுவில் குஞ்சாக வளர்ந்த நீரின் சுவடும், விளிம்பில் பிடிபட்ட நீரின் சுவடும் தங்கிவிடும். ஆற்று நீர் கலந்தால் பொதுவாகப் பேரியம் கூடும், உப்பு ஏறினால் ஸ்ட்ரான்சியம்.

நடுப்பகுதி தெளிவாக வேறுபட்டால், இரண்டும் வேறு வேறு நீரில் வளர்ந்தவை என்று சொல்லலாம். ஒன்றுபோல இருந்தால்? ஒன்றும் சொல்ல முடியாது! கெடா, பினாங்குக் கரையில் மெர்போக், சுங்கை மூடா, பிறை ஆறுகள் எல்லாவற்றுக்கும் சேற்று முகத்துவாரங்கள்தான். நீர் ஒத்திருந்தால், ஒன்றையொன்று பார்த்தே இராத மீன்களின் கல்லும் ஒத்திருக்கும். ஒரே பள்ளிச் சீருடை போட்டதால் இரண்டு பையன்கள் அண்ணன் தம்பி ஆகிவிடுவார்களா?

மரபணுவிலும் இதே வம்புதான். தலைமுறைக்குச் சில மீன்கள் இடம் மாறினாலே வேறுபாடு பெரும்பாலும் மங்கிவிடும். அந்தச் சில மீன்கள் வந்தா, வலை வழித்தெடுத்த கரை நிரம்பப் போகிறது?

நான் வளர்ந்த தோட்டத்துக்கு மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவரும் அண்ணன் ஒருவர் இருந்தார். “கடல் ஒண்ணுதானே தம்பி, இங்க கொறஞ்சா அங்கேருந்து வரும்” என்பார். அம்மா கடன் சொன்னாலும் முகம் சுளிக்காமல் கெலாமா நிறுத்துக் கொடுத்த மனுஷன், அவரை நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். படித்தவர் நீங்கள், வீட்டில் ஆய்வு செய்கிற பெண்ணை வைத்துக்கொண்டு அதையே சொன்னால் எப்படி? கூட்டங்கள் தனித்தனி என்றால் ‘அங்கேருந்து’ வர ஆளில்லை. எவ்வளவு பிடிக்கலாம் என்பதற்கு அந்தந்தக் கரைக்கு அந்தந்தக் கணக்கு வேண்டும். அதற்குத்தான் அவள் தலை பிளக்கிறாள்.

சரி, அடுத்த முறை சந்தையில் கெலாமா வாங்கினால் தலையைச் சட்டியில் போடுமுன் அவளிடம் கேளுங்கள். எந்தக் கரையில் பிடித்தது என்று மீன்காரரிடம் விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள். இடம் தெரியாத கல் அவளுக்கு உதவாது.