ஹை-ரெஸ் ஸ்ட்ரீமிங், வீட்டு ஆடியோ சிஸ்டத்தில் உண்மையிலேயே மேலாக ஒலிக்கிறதா?

குறைந்த பிட்வீதத்தில் தகவலை இழந்து வரும் ஒலியிலிருந்து, இழப்பற்ற சிடி தரத்துக்கு மாறுவதில் பயன் உண்டு. சிடி தரத்திலிருந்து 24 பிட், 96 அல்லது 192 கிலோஹெர்ட்ஸ் என விற்கப்படும் ஹை-ரெஸ் தரத்துக்கு மாறுவதால் காதுக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஹை-ரெஸ் கோப்புகளைப் பல ஆண்டுகள் தேடித் தேடிச் சேர்த்தவன் நான் என்பதால், இந்த முடிவை ஏற்றுக்கொள்ள எனக்கே நெடுநாள் ஆயிற்று.

1982-இல் விற்பனைக்கு வந்த சிடி, ஒலியை விநாடிக்கு 44,100 முறை (அதாவது 44.1 கிலோஹெர்ட்ஸ் வீதத்தில்) அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் பதிகிறது. அளக்கும் வீதத்தில் பாதிக்குக் கீழுள்ள அதிர்வெண்கள் அனைத்தையும் முழுமையாக மீட்டெடுக்கலாம் என்பது நைக்விஸ்ட், ஷானன் ஆகியோர் பெயரால் வழங்கும் தேற்றம். அதன்படி சிடியின் எல்லை ஏறத்தாழ 22 கிலோஹெர்ட்ஸ், இளம் வயதுக் காதின் எல்லையோ 20 கிலோஹெர்ட்ஸ்தான், அதுவும் வயது ஏற ஏறக் குறைந்துகொண்டே போகும். குறைவான முறை அளந்தால் அலை படிக்கட்டுபோல உடைந்திருக்கும் என்று விளம்பரப் படங்கள் காட்டுவது தவறு. எண்களை மீண்டும் ஒலி அலையாக மாற்றும் கருவியான டிஏசியிலிருந்து வெளிவரும் அலை வழுவழுப்பானதே. மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே 16 பிட் தரும் 96 டெசிபல் வீச்சும் வீட்டுக்குப் போதும், ஏனெனில் அமைதியான அறையிலேயே 30 டெசிபலை ஒட்டிய பின்னணி இரைச்சல் இருக்க, அதற்கு மேல் 96 டெசிபலையும் முழுமையாகக் கேட்க முயன்றால் காது வலிக்கும். 24 பிட் உண்மையில் உதவுவது, அளவுகளைக் கூட்டியும் குறைத்தும் வேலை செய்யவேண்டிய ஒலிப்பதிவுக் கூடத்தில்தான்.

மேயர், மோரன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஹை-ரெஸ் வட்டுகளின் ஒலியை நேரடியாகவும், சிடி தரத்துக்கு இறக்கியும் மாற்றி மாற்றிக் கேட்கச் செய்தபோது, 554 முயற்சிகளில் 276 மட்டுமே சரியாக அமைந்தன. நாணயம் சுண்டினாலும் அவ்வளவு வரும். பின்னர் 2016-இல் ஜோஷுவா ரெய்ஸ் 18 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, சரியான விடைகள் 52.3 சதவீதமாக இருந்தன. பயிற்சி பெற்றவர்களிடம் அது 60-ஐச் சற்றுத் தாண்டியது. ஆகவே வேறுபாடு அறவே இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் அது மிக நுண்ணியது.

நானும் ஒரு 96 கிலோஹெர்ட்ஸ் கோப்பை எடுத்து, அதையே சிடி தரத்துக்கு மாற்றி, எது ஒலிக்கிறது என்று தெரியாத ஏபிஎக்ஸ் முறையில் 20 முறை கேட்டுப் பார்த்தேன். 11 முறை சரியாகச் சொன்னேன். அதற்கு முன்பு எனக்குத் தெளிவாகக் கேட்டதாக நம்பிய வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று யோசித்தபோது இரண்டு காரணங்கள் தெரிந்தன: ஹை-ரெஸ் வெளியீடுகள் பல, புதிதாக மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முந்தைய இறுதி ஒலிச் சீரமைப்பு) செய்யப்பட்டவை, அதாவது ஒப்பிடப்படுவது வேறொரு பதிப்பு, மேலும், ஒரு டெசிபலுக்கும் குறைவாகச் சத்தம் கூடினாலே, கூடியதைத் தரமானது என்று நம் மனம் எடுத்துக்கொள்கிறது.

வீட்டில் ஒலியை உண்மையில் தீர்மானிப்பவை ஸ்பீக்கரும் அறையும். நான்கு மீட்டர் நீளமுள்ள அறையில் ஒலி எதிரெதிர்ச் சுவர்களில் பட்டுத் திரும்புவதால் 43 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு நிலையலை உருவாகும். சுவரோரம் அமர்பவருக்கு அந்த பேஸ் முழங்கும், நடுவில் அமர்பவருக்கு அது பெரும்பாலும் மறைந்துவிடும். நாற்காலியை ஒரு மீட்டர் நகர்த்தினாலே சில அதிர்வெண்கள் 10 டெசிபல் அளவுக்குக் கூடவோ குறையவோ செய்யும் இடத்தில், 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே என்ன இருக்கிறது என்ற கவலைக்கு இடமே இல்லை. நான் ஸ்பீக்கர்களை மூலையிலிருந்து வெளியே இழுத்து, உயர் அதிர்வெண்களை ஒலிக்கும் ட்வீட்டர் காது மட்டத்தில் இருக்கும்படி உயர்த்தி, எதிரே வெறுந்தரையில் ஒரு தடித்த கம்பளத்தை விரித்தபோது பாடகரின் குரல் இரு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே வந்து நின்றது. எந்தக் கோப்பும் எனக்கு அதைத் தந்ததில்லை.

ஸ்ட்ரீமிங் தரத்தை உயர்த்தும் முன், ஒலி எந்த வழியாகச் சிஸ்டத்துக்குப் போகிறது என்றும் பாருங்கள். புளூடூத் வழியென்றால், உயர்தரப் புளூடூத் ஒலிக்கென உருவான எல்டாக் முறைகூட உச்சமாக விநாடிக்கு 990 கிலோபிட் அனுப்பும் இழப்புடைய முறைதான்; சிடியின் வீதமோ 1,411. கம்பி இணைப்போ வைஃபை ஸ்ட்ரீமரோ இருந்தால் அந்தத் தடை இல்லை.

ஆப்பிள் மியூசிக் 2021 முதல் செய்வதுபோல, கூடுதல் கட்டணமின்றி ஹை-ரெஸ் கிடைத்தால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கெனத் தனியே பணம் கேட்டாலோ, இணைய டேட்டாவுக்கு வரம்பு இருந்தாலோ சிடி தரத்தைத் தேர்ந்தெடுங்கள். சுருக்குவதற்கு முன் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ, சிடியைப் போல ஆறரை மடங்கு டேட்டாவைக் கேட்கும்.